அந்த 3389 வரியை எடுத்துவிடுங்கள்: பின்னலாடை நிறுவனங்களின் கம்ப்யூட்டர் சர்வீஸ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

வணக்கம். திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கம் பின்னலாடை நிறுவனங்களுக்கு ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டு கம்ப்யூட்டர் பார்த்துக்கொடுக்கும் உங்களுக்குத்தான் இந்த மடல். உங்களை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகளும் படித்தால் நல்லது. செலவுக்கு ஒப்புக்கொள்ள வேண்டியவர்கள் அவர்கள்தான்.

இடம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். கணக்குப் பிரிவில் டேலி ஓடும் விண்டோஸ் மெஷின் ஒன்று. டிசைன் அறையில் ஒரு மேக். மூலையில் யுபிஎஸ் பக்கத்தில் ஃபைல் சர்வராக ஒரு லினக்ஸ் பெட்டி. முதலாளிக்கு வீட்டிலிருந்து டேலி பார்க்க வேண்டும், ஆடிட்டருக்கு அவர் ஆபீசிலிருந்து பார்க்க வேண்டும். அவர்கள் கேட்ட அன்று ரௌட்டரில் ஒரு வரி சேர்த்தீர்கள். வெளியே 3389 (விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப், அதாவது ஆர்டிபியின் போர்ட் எண்) வந்தால் உள்ளே டேலி மெஷினின் 192.168.1.10-க்கு அனுப்பு. பத்து நிமிட வேலை. அன்றிலிருந்து அந்த மெஷினின் லாகின் திரை உலகத்துக்கே திறந்து கிடக்கிறது. அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறோம். எடுத்தபிறகும் முதலாளி வீட்டிலிருந்து டேலி பார்க்க முடிய வேண்டும் என்பதால் மடல் கொஞ்சம் நீளம்.

'போர்ட்டை 3390-க்கு மாற்றிவிட்டோமே' என்று சொல்பவர்கள் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2013-ல் வெளியிட்ட ஸீமேப் என்ற கருவி, 1 கிகாபிட் இணைப்பில் ஒரு போர்ட்டை மொத்த ஐபிவி4 (பழைய வகை இணைய முகவரி) உலகத்திலும் 45 நிமிடத்துக்குள் தட்டிப்பார்த்துவிடும். பத்து வருடத்துக்கும் முந்தைய கதை அது. அதோடு, எந்த எண்ணில் வைத்தாலும் ஆர்டிபி தன் பாஷையில்தான் பதில் சொல்லும். லாகின் ஆகும் முன்பே மெஷினின் பெயரையும் சொல்லிவிடும். 'டேலி-சர்வர்' என்று பெயர் வைத்திருந்தால் வருகிறவனுக்கு வேலை இன்னும் சுலபம்.

உங்கள் மெஷினில் இப்போதே பார்க்கலாம். ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதில் செக்யூரிட்டி, அதில் 4625 என்ற எண்ணை மட்டும் வடிகட்டுங்கள். தோற்றுப்போன லாகின்கள் அவை. அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், யூசர்1, டேலி, ஸ்கேன், பேக்கப் என்று வரிசையாக வரும். ராத்திரி 2 மணிக்கும் வரும். என்எல்ஏ (திரை திறக்கும் முன்பே பாஸ்வேர்ட் கேட்கும் ஏற்பாடு) போட்டிருந்தால் இவை லாகின் டைப் 10 (ரிமோட் டெஸ்க்டாப்) என்று பதிவாகாமல் 3 (நெட்வொர்க்) என்று பதிவாகும். 10-ஐ மட்டும் தேடி 'ஒன்றுமில்லை' என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள்.

பாஸ்வேர்ட் ஏன் இவ்வளவு லேசாக இருக்கிறது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. பாஸ்வேர்டே இல்லாத கணக்கை நெட்வொர்க் வழியாக விண்டோஸ் உள்ளே விடாது. அதனால் ஆர்டிபி வேலை செய்யட்டும் என்று அவசரத்துக்கு 1234 போடுகிறோம். அது அப்படியே நின்றுவிடுகிறது. தர்மா, ஃபோபோஸ் வகை ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும்) கும்பல்கள் உள்ளே வந்த முக்கிய வழி இதுதான். (தர்மா என்று பேர் வேறு!) நுழைந்தவன் நேராக ஃபைலைப் பூட்டுவதில்லை. கிடைத்த கணக்குக்கு அட்மின் உரிமை இருந்தால் முதலில் ஆன்டிவைரஸை நிறுத்துவான், ஷேடோ காப்பிகளை (விண்டோஸ் தானே வைத்திருக்கும் பழைய பிரதிகளை) அழிப்பான், ஷேர் போட்டிருக்கும் மற்ற மெஷின்களுக்கும் போவான். பேக்கப் எடுக்கிறேன் என்று நீங்கள் சதா சொருகியே வைத்திருக்கும் யுஎஸ்பி டிஸ்கும் அதே பூட்டில் சேரும்.

மாற்று என்ன? எல்லா மெஷினுக்கும் சேர்த்து ஒரே வாசல். எங்கள் சிபாரிசு வயர்கார்ட் என்ற விபிஎன் (வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரும் பூட்டிய பாதை). 2020 மார்ச்சில் வந்த 5.6 பதிப்பிலிருந்து லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றுக்கும் செயலி உண்டு, காசு கிடையாது. யுடிபி 51820 வழக்கமான எண். இதன் பெரிய குணம், சரியான சாவி இல்லாமல் வரும் பாக்கெட்டுக்கு இது பதிலே சொல்லாது. ஸ்கேன் செய்கிறவனுக்கு அங்கே ஒன்று ஓடுவதே தெரியாது.

மூலையில் இருக்கும் லினக்ஸ் பெட்டியே இதற்குப் போதும். அதற்கு முன்னால் ஒரு வேலை. ஆபீஸ் நெட்வொர்க் 192.168.1 வரிசையில் இருந்தால் மாற்றிவிடுங்கள். முதலாளி வீட்டு ரௌட்டரும் பெரும்பாலும் அதே 192.168.1 தான் கொடுக்கும். வீட்டிலிருந்து 192.168.1.10-ஐக் கூப்பிட்டால் லேப்டாப் அதை வீட்டுக்குள்ளேயே தேடும், ஆபீசுக்குப் போகாது. 'விபிஎன் கனெக்ட் ஆகுது, டேலி மட்டும் வரல' என்று வரும் ஃபோன்களில் பெரும்பாலானவை இதுதான். ஆபீசுக்கு 10.20.30.0/24, வயர்கார்டுக்கு 10.37.0.0/24 என்று யாரும் வைக்காத எண்ணாக வையுங்கள். ஆபீஸ் எண்ணை மாற்றும்போது பிரிண்டர், பயோமெட்ரிக் மெஷின், சிசிடிவி டிவிஆர் எல்லாவற்றிலும் கையால் போட்ட ஐபி இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கள்.

வயர்கார்ட் சர்வரான லினக்ஸ் பெட்டிக்கு 10.37.0.1. ஆட்களுக்கு 10.37.0.11, 12 என்று. சர்வர் பக்கம் ஒவ்வொருவருக்கும் அலவ்டு-ஐபிஸ் (எந்த முகவரிகள் இந்தப் பாதையில் போகலாம் என்று சொல்லும்) வரியில் அவருடைய ஒரே முகவரி, /32 போட்டு. இரண்டு பேருக்கு ஒரே முகவரி போட்டால் பிழை என்று எதுவும் வராது. பின்னால் வந்தவருக்கு அது போகும், முன்னால் இருந்தவருக்கு இணைப்பு சத்தமில்லாமல் செத்துவிடும். அதே மாதிரி ஒரே கான்ஃபிக் ஃபைலை முதலாளியின் லேப்டாப்பிலும் ஃபோனிலும் போடாதீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் இணைந்தால் சர்வர் கடைசியாகப் பேசியவருக்கே பதில் அனுப்பும், இரண்டும் மாறி மாறி அறுந்துகொண்டே இருக்கும். ஒரு கருவிக்கு ஒரு சாவி. ஆள் பக்கத்து அலவ்டு-ஐபிஸில் 10.37.0.0/24, 10.20.30.0/24 இரண்டு மட்டும். அங்கே 0.0.0.0/0 போட்டால் முதலாளி வீட்டு யூடியூபும் உங்கள் ஆபீஸ் லைனில்தான் ஓடும். பெர்சிஸ்டன்ட்-கீப்அலைவ் (இணைப்பு அறுந்துவிடாமல் இடையிடையே ஒரு பாக்கெட் அனுப்புவது) 25 நொடி.

அடுத்தது க்யூஆர் கோடு விஷயம். சாவியை உங்கள் லேப்டாப்பில் உருவாக்கி, க்யூஆராக்கி, வாட்ஸ்அப்பில் முதலாளிக்கு அனுப்புகிறீர்கள். அந்தப் படத்துக்குள் இருப்பது பிரைவேட் சாவி. கேலரி, கூகுள் பேக்கப், ஆபீஸ் குரூப் என்று அது எங்கெல்லாம் போகும் என்று சொல்ல முடியாது. நேரில் போய்த் திரையில் காட்டி ஸ்கேன் செய்யவையுங்கள், பிறகு அழித்துவிடுங்கள்.

சர்வரில் ஐபி ஃபார்வர்டிங் (பாக்கெட்டை ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்துவது) ஆன் செய்வது தெரிந்ததுதான். பதில் திரும்பி வரும் பாதையில்தான் தடுக்கும். மாஸ்கரேட் போட்டால் உடனே வேலை செய்யும். ஆனால் டேலி மெஷினின் லாகில் எல்லாரும் லினக்ஸ் பெட்டியின் ஐபியிலிருந்து வந்ததாகவே தெரியும், யார் எப்போது வந்தார் என்பது அதில் இருக்காது. அதனால் வெளியிலிருந்து தொட வேண்டிய இரண்டு மூன்று மெஷின்களில் மட்டும் 10.37.0.0-க்கு வழி லினக்ஸ் பெட்டி என்று ஸ்டேட்டிக் ரூட் போடுங்கள். விண்டோஸில் 'ரூட் ஆட்' கட்டளையோடு 'ஹைபன் பி' சேர்க்காவிட்டால் அடுத்த ரீபூட்டில் அது காணாமல் போகும்.

இணைப்பின் முகவரியையும் பாருங்கள். ரௌட்டரின் வான் ஐபி (இணையப் பக்கத்து முகவரி) 100.64-லிருந்து 100.127-க்குள் இருந்தால் நீங்கள் சிஜிநாட்டுக்கு, அதாவது ஒரே பொது ஐபியைப் பலருக்குப் பகிரும் ஏற்பாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். எந்த போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் வர முடியாது. இணைய கம்பெனியிடம் ஸ்டேட்டிக் (மாறாத) ஐபி வாங்கலாம், அல்லது சின்ன விபிஎஸ் (வாடகை இணைய சர்வர்) ஒன்றை நடுவில் வைக்கலாம், அல்லது வயர்கார்ட் மேல் கட்டிய டெய்ல்ஸ்கேல் போடலாம். டெய்ல்ஸ்கேலில் இரண்டு விஷயம். அதைத் திறக்கும் கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்குதான் மொத்தத்துக்கும் சாவி. அது நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும், உங்கள் சொந்த ஜிமெயிலில் வேண்டாம். டூ-ஸ்டெப் கட்டாயம். இரண்டாவது, அதன் சாவிகள் வழக்கப்படி 180 நாளில் காலாவதியாகும். சர்வருக்கு மட்டும் அந்தக் காலாவதியை நிறுத்தாவிட்டால் ஆறு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் ஃபோன் வரும்.

ஸ்டேட்டிக் ஐபி இல்லாமல் டைனமிக் டிஎன்எஸ் (மாறும் ஐபியைப் பின்தொடரும்) பெயர் வைத்திருந்தால் இன்னொன்று. வயர்கார்ட் அந்தப் பெயரை ஆன் செய்யும்போது ஒரு தடவைதான் ஐபியாக மாற்றிக்கொள்ளும். நடுவில் ரௌட்டர் ரீஸ்டார்ட் ஆகி ஐபி மாறினால் லேப்டாப் பழைய ஐபிக்கே பேசிக்கொண்டிருக்கும். ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்லிக்கொடுங்கள்.

வாசல் ஒன்றானதும் ஒவ்வொரு மெஷினுக்கும் தனிப் பூட்டு. விண்டோஸில்தான் வேலை அதிகம்.

ஹோம் எடிஷன் ஆர்டிபியை ஏற்காது, ப்ரோ வேண்டும். என்எல்ஏ டிக் இருக்க வேண்டும். 2019-ல் வந்த புளூகீப் ஓட்டையை நினைவிருக்கும். லாகினே ஆகாமல் விண்டோஸ் 7-க்குள் புகலாம் என்பதால், அப்போது ஆதரவு முடிந்து ஐந்து வருடமான எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் கொடுத்தது. இன்னும் விண்டோஸ் 7-ல் டேலி ஓட்டுகிறவர்கள் அதை வெளியிலிருந்து தொடவே வேண்டாம். விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது.

ஃபயர்வாலின் இன்பவுண்ட் ரூல்ஸில் 'ரிமோட் டெஸ்க்டாப்' என்று தொடங்கும் விதிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஸ்கோப் டேபில் ரிமோட் ஐபியாக 10.37.0.0/24 மட்டும் கொடுங்கள். ரௌட்டரில் நாளைக்கு யாராவது போர்ட்டை மறுபடி திறந்தாலும், ஐபிவி6 வழியாக மெஷின் வெளியே தெரிந்தாலும் இந்த விதி நிற்கும். இந்த மடலில் ஒன்றே ஒன்றுதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் வரியை எடுத்துவிட்டு இதைச் செய்யுங்கள்.

வெளியிலிருந்து வருபவருக்கு அட்மின் உரிமை வேண்டாம். சாதாரணக் கணக்கு, அதை 'ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ்' குழுவில் சேர்த்தால் போதும். அந்தக் குழு தாண்டி, லோக்கல் அட்மின்கள் எல்லாருக்கும் ஆர்டிபி அனுமதி தானாகவே இருக்கும். செக்பால் (லோக்கல் செக்யூரிட்டி பாலிசி) கருவியின் யூசர் ரைட்ஸ் பகுதியில் அதை எடுத்துவிடுங்கள். லாக்அவுட் (தவறான பாஸ்வேர்டுக்குக் கணக்கைப் பூட்டுவது) 10 தவறுக்கு 10 நிமிடம். போர்ட் திறந்திருந்த காலத்தில் இதைப் போட்டால் வெளியிலிருந்து தட்டுகிறவனால் முதலாளியே பூட்டப்பட்டு நிற்பார், அதனால்தான் பலர் நிறுத்திவைத்தார்கள். இப்போது தட்ட ஆள் இல்லை, தாராளமாகப் போடலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் பின் நம்பரால் மட்டுமே திறந்து பழகியவருக்கு ஆர்டிபி பாஸ்வேர்ட் தவறு என்றே சொல்லும். அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்து ஒரு தடவை பாஸ்வேர்ட் போட்டு உள்ளே போனால் சரியாகும்.

ஆர்டிபி ராப்பர் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ப்ரோவில் ஒரே நேரத்தில் ஒருவர்தான். முதலாளி வந்தால் கணக்கரின் திரை பூட்டிக்கொள்ளும். அதற்காக ராப்பர் போடுகிறோம். அது லைசென்ஸ் மீறல் என்பது ஒரு பக்கம். விண்டோஸ் அப்டேட் வரும்போதெல்லாம் அது உடையும், உடையக் கூடாது என்று அப்டேட்டையே நிறுத்திவைக்கிறோம் என்பதுதான் உண்மையான ஆபத்து. முதலாளிக்கும் ஆடிட்டருக்கும் சேர்த்து ஆபீசில் ஒரு பழைய ப்ரோ மெஷினை ஒதுக்குங்கள். டேலி கோல்டு லைசென்ஸ் இருந்தால் லானுக்குள் அதுவே போதும். டேலி டேட்டா ஃபோல்டரை விபிஎன் வழியாக ஷேரில் நேராகத் திறப்பது மட்டும் வேண்டாம். மெதுவாக இருக்கும், நடுவில் அறுந்தால் டேட்டா கெட வாய்ப்புண்டு. எக்ஸ் அழுத்தி ஆர்டிபி ஜன்னலை மூடினால் அது லாக்ஆஃப் ஆகாது என்பதையும் ஆடிட்டர் ஆபீஸ் பையனிடம் சொல்லிவையுங்கள். உள்ளே டேலி ஓடிக்கொண்டேதான் இருக்கும். குரூப் பாலிசியில் டிஸ்கனெக்ட் ஆன செஷனை 2 மணி நேரத்தில் முடிக்கச் சொல்லலாம். டிரைவ் ரீடைரக்‌ஷனையும் நிறுத்துங்கள், வீட்டு மெஷினின் டிஸ்க் வழியாக அழுக்கு உள்ளே வர வேண்டாம்.

லினக்ஸில் எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து கட்டளை கொடுக்கும் வழி). எட்25519 சாவி, அதற்கு ஒரு பாஸ்ஃபிரேஸ். ரூட் (லினக்ஸின் தலைமைக் கணக்கு) லாகின் கூடாது, பாஸ்வேர்ட் லாகின் கூடாது, அலவ்யூசர்ஸ் வரியில் பெயர் சொல்லி இரண்டு பேர். இதில் பலரை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. உபுண்டுவில் எஸ்எஸ்எச்டி கான்ஃபிக் ஃபைலில் பாஸ்வேர்ட் அதென்டிகேஷனுக்கு 'நோ' போட்டு ரீஸ்டார்ட் செய்தாலும் சில மெஷின்களில் பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். பக்கத்திலேயே இருக்கும் துணை ஃபோல்டரில் 50 என்று தொடங்கும் க்ளவுட்-இனிட் ஃபைலில் 'யெஸ்' என்று இருப்பதுதான் காரணம். துணை ஃபோல்டரை முதல் வரியிலேயே இழுத்துக்கொள்வதால், முதலில் படித்ததே நிற்கும். எஸ்எஸ்எச்டி கட்டளையைப் பெரிய டி ஆப்ஷனோடு ஓட்டினால் உண்மையில் எது அமலில் இருக்கிறது என்று காட்டும். அதை நம்புங்கள், ஃபைலை நம்பாதீர்கள். சின்ன டி, கான்ஃபிக்கில் எழுத்துப்பிழை இருந்தால் சொல்லும். எதை மாற்றினாலும் பழைய ஜன்னலை மூடாமல் வைத்துக்கொண்டு, புதிய ஜன்னலில் லாகின் ஆகிப் பார்த்தபிறகே மூடுங்கள். சாவியை ஏற்கவில்லை என்றால் பெரும்பாலும் பர்மிஷன்தான். எஸ்எஸ்எச் ஃபோல்டர் 700, சாவிகள் இருக்கும் ஆதரைஸ்டு கீஸ் ஃபைல் 600.

விண்டோஸிலும் 1809 பதிப்பிலிருந்து ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வரை ஆப்ஷனல் ஃபீச்சராகப் போடலாம். அங்கே அட்மின் கணக்கின் சாவியை அவர் ஃபோல்டரில் போட்டால் வேலை செய்யாது. ப்ரோகிராம்டேட்டாவுக்குள் எஸ்எஸ்எச் ஃபோல்டரில் அட்மினிஸ்ட்ரேட்டர்களுக்கென்று தனி ஃபைல் உண்டு. அதற்கு அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ், சிஸ்டம் இருவருக்கு மட்டுமே உரிமை இருக்க வேண்டும், வேறு யார் பெயர் இருந்தாலும் அது சாவியை மறுத்துவிடும்.

மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், ஷேரிங். ஸ்க்ரீன் ஷேரிங் யாருக்கு என்ற இடத்தில் குறிப்பிட்ட ஆட்கள் மட்டும். 'விஎன்சி வியூவர்கள் பாஸ்வேர்டோடு கட்டுப்படுத்தலாம்' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அந்தப் பழைய விஎன்சி (திரைப்பகிர்வு) முறையில் பாஸ்வேர்டின் முதல் 8 எழுத்துதான் கணக்கு, மீதி சும்மா. ஃபைல்வால்ட் (டிஸ்கை மொத்தமாகப் பூட்டும் வசதி) போட்ட மேக் கரண்ட் போய் வந்தால், பழைய பதிப்புகளில், ஆள் நேரில் வந்து பாஸ்வேர்ட் போடும்வரை நெட்வொர்க்குக்கே வராது. அதற்காக ஃபைல்வால்டை நிறுத்த வேண்டாம். யுபிஎஸ் பேட்டரியை மாற்றுங்கள்.

ஏனிடெஸ்க் (தூரத்திலிருந்து திரையை இயக்கும் செயலி) பற்றி உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. நாற்பது கம்பெனிக்கும் ஒரே அன்அட்டெண்டட் (அங்கே ஆள் இல்லாமலே உள்ளே போகும்) பாஸ்வேர்ட் வைத்திருக்கிறீர்கள். உங்கள் ஒரு லேப்டாப் திருடுபோனால் நாற்பதும் போச்சு. ஏனிடெஸ்க் நிறுவனமே தன் சர்வர்களுக்குள் ஊடுருவல் நடந்ததாக 2024 பிப்ரவரியில் அறிவித்தது. ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே இந்த மாதிரிச் செயலி வழியாக நடக்கும் யுபிஐ மோசடி பற்றி எச்சரித்தது. வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்அட்டெண்டட்டை எடுத்துவிட்டு, ஏனிடெஸ்க் ஜன்னல் திறந்திருக்கும்போது மட்டும் உள்ளே வரலாம் என்று வையுங்கள். வயர்கார்ட் இருக்கும் இடத்தில் உங்களுக்கு ராத்திரி வேலைக்கும் அது தேவைப்படாது.

பேக்கப் திசையை மாற்றுங்கள். விண்டோஸ் கொண்டுபோய் லினக்ஸில் எழுதுவதற்குப் பதில், லினக்ஸ் வந்து படிக்க மட்டும் உரிமையுள்ள கணக்கால் டேலி ஃபோல்டரை இழுத்துக்கொள்ளட்டும். விண்டோஸுக்குப் பேக்கப் டிஸ்கில் எழுதும் உரிமையே இல்லையென்றால் அங்கே புகுந்தவனுக்கும் இல்லை. மாதம் ஒரு தடவை அதிலிருந்து ஒரு கம்பெனியை ரீஸ்டோர் செய்து டேலியில் திறந்து பாருங்கள்.

சட்டமும் ஒன்று இருக்கிறது. செர்ட்-இன் (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அவசர அமைப்பு) 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவுப்படி கம்பெனிகள் இந்த மாதிரிச் சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும், லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், கடிகாரத்தை என்டிபியோடு (இணைய நேர சர்வர்) பொருத்தி வைக்க வேண்டும். விண்டோஸின் செக்யூரிட்டி லாக் வழக்கமாக 20 எம்பிதான். தட்டுகிறவர்கள் அதிகமானால் சில நாளிலேயே பழையது அழிந்துவிடும். ப்ராப்பர்டீஸில் அதை 1 ஜிபி ஆக்குங்கள், லினக்ஸ் பெட்டிக்கு வாரம் ஒரு பிரதியும் போகட்டும்.

ஆள் வேலையை விட்டுப் போகும் அன்று வயர்கார்டில் அவர் பகுதி, ஆதரைஸ்டு கீஸில் அவர் வரி, விண்டோஸ் கணக்கு மூன்றையும் எடுக்க வேண்டும். எந்தச் சாவி யாருடையது என்று தெரிய, ஒவ்வொரு சாவி வரியின் கடைசியிலும் பெயரும் தேதியும் எழுதுங்கள். இந்தப் பட்டியல் முதலாளி மேஜையில் ஒரு நோட்டில் இருக்கட்டும். நீங்களே ஏஎம்சியை விட்டுப் போகும் நாளும் வரும்.

முடித்தபிறகு வெளியிலிருந்து பாருங்கள். லேப்டாப்பை ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, வயர்கார்டை ஆஃப் செய்து, ஆபீஸின் பொது ஐபியில் 22, 445, 3389, 3390, 5900 ஐந்தையும் என்மேப்பால் சோதியுங்கள். ஹாட்ஸ்பாட்டில் ஐபிவி6 வந்தால் ஆபீஸ் மெஷின்களின் ஐபிவி6 முகவரிகளிலும் பாருங்கள். எதிலும் 'ஓப்பன்' வரக் கூடாது. ரௌட்டரில் யுபிஎன்பி ஆஃப் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் டிவிஆர் தானே ஒரு போர்ட்டைத் திறந்துகொள்ளும். பிராட்பேண்ட் ஆள் வந்து ரௌட்டரை மாற்றிக்கொடுத்துப் போனால், அவர் வண்டியை எடுப்பதற்குள் இதே சோதனை இன்னொரு தடவை.

இப்படிக்கு,
நெட்வொர்க்கும் சர்வரும் பார்த்துப் பிழைக்கும் உங்கள் சக தொழிலாளர்கள் சிலர்